நிலநடுக்கோட்டு வானில் ஓர் எக்ஸ் கதிர்ச் சாலை

குவீன்ஸ்டவுன் என்றதும் மார்கரெட் டிரைவ், காமன்வெல்த், தங்ளின் ஹால்ட் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகள்தாம் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வரைபடத்தில், கென்ட் ரிட்ஜ் மேட்டிலுள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அதே வட்டாரத்துக்குள்தான் அடங்குகிறது. அந்த வளாகத்தில் சின்க்ரோட்ரான் ஒளி மையம் ஒன்று உண்டு. அதன் இதயம் ‘ஹீலியோஸ் 2’ என்னும் எலக்ட்ரான் வளையம். சுற்றளவு 10.8 மீட்டர்தான். அதற்குள் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் சுற்றிவருகின்றன. 4.5 டெஸ்லா வலிமையுள்ள மீக்கடத்திக் காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்கின்றன. வளையும் ஒவ்வொரு முறையும் எலக்ட்ரான்கள் கொஞ்சம் ஆற்றலை இழக்க, அது எக்ஸ் கதிராக வெளியே பாய்கிறது.

இயற்கையும் சில இடங்களில் இதே வழியில் எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. 1054-இல் சீன வானியலர்கள் கண்டு குறித்துவைத்த வெடிப்பின் மிச்சமான நண்டு நெபுலாவிலும், கருந்துளைகளின் இரு முனைகளிலிருந்தும் பீறிடும் துகள் தாரைகளிலும், அதிவேக எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சிக்கி வளைகின்றன. எக்ஸ் கதிர் பிறக்கிறது. அங்கே காந்தப்புலம் மிகமிக மெலிது, எலக்ட்ரானின் ஆற்றலோ மிகமிக அதிகம். அளவுகள்தாம் வேறு, விதி ஒன்றே. கென்ட் ரிட்ஜ் வளையத்திலிருந்து வரும் கதிர்களின் ஆற்றல் ஏறத்தாழ 1.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை மையமாகக் கொண்டது. விண்ணில் சுற்றும் சந்திரா, அஸ்ட்ரோசாட் போன்ற தொலைநோக்கிகள் கூர்ந்து பார்ப்பதும் அதே ஆற்றல் பட்டையைத்தான்.

குவீன்ஸ்டவுனில் பிறக்கும் எக்ஸ் கதிரைக் குவீன்ஸ்டவுனிலேயே அளக்கலாம். வானில் பிறப்பதை அளக்கத்தான் விண்ணுக்குப் போக வேண்டியிருக்கிறது.

காற்று போடும் தடை

மருத்துவமனையில் நம் உடம்பையே ஊடுருவும் கதிர், வெறும் காற்றை ஊடுருவாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. விடை, காற்றின் மொத்தக் கனத்தில் இருக்கிறது. நம் தலைக்குமேல் உள்ள காற்றுமண்டலம் முழுவதையும் அழுத்தித் தண்ணீரின் அடர்த்திக்குக் கொண்டுவந்தால், அது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். மார்பை ஊடுருவும் கதிர் கடப்பது சுமார் கால் மீட்டர்தான். விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களில் பெரும்பகுதி மருத்துவக் கதிர்களைவிட ஆற்றல் குறைந்தவை. அவை தரைக்குப் பல கிலோமீட்டர் மேலேயே காற்று அணுக்களில் மோதி அழிந்துபோகின்றன. இமயத்தின் உச்சியில் போய் நின்றாலும் பயனில்லை.

அதனால்தான் இந்தத் துறை ராக்கெட்டுடன் பிறந்தது. 1962 ஜூன் 18 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு சிறிய ஏரோபீ ராக்கெட் கிளம்பியது. ரிக்கார்டோ ஜக்கோனியும் குழுவினரும் அதில் எக்ஸ் கதிர் எண்ணிகளை வைத்திருந்தார்கள். சில நிமிடங்களே அது காற்றுக்கு மேலே இருந்தது. அந்தச் சில நிமிடங்களில், விருச்சிக விண்மீன் குழுவின் திசையில், சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதன்முதலாக ஒரு பிரகாசமான எக்ஸ் கதிர் மூலம் சிக்கியது. இன்று அதன் பெயர் ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1. ஜக்கோனிக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நிமிடங்கள் போதாது, ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும் என்ற தேவை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. 1970 டிசம்பர் 12 அன்று உஹுரு என்ற செயற்கைக்கோள் பறந்தது. எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே செய்யப்பட்ட முதல் செயற்கைக்கோள் அது. கென்யக் கரைக்கு அப்பால் கடலில் நின்ற சான் மார்க்கோ மேடையிலிருந்து, நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை தள்ளி ஏவப்பட்டது. சிக்னஸ் எக்ஸ்-1 என்ற மூலத்திலிருந்து வரும் கதிர், ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஏறி இறங்குவதை உஹுரு காட்டியது. இத்தனை விரைவாகத் துடிக்கும் பொருள் மிகச் சிறியதாகத்தான் இருக்க முடியும். 5.6 நாளுக்கு ஒருமுறை ஒரு பெரிய நீல நட்சத்திரத்தோடு சேர்ந்து சுற்றும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத துணை, கருந்துளை என்று அறிவியலர்கள் ஏற்றுக்கொண்ட முதல் பொருளாயிற்று. 2021-இல் வெளியான அளவீட்டின்படி அதன் நிறை நம் சூரியனைப்போல் 21 மடங்கு.

கருந்துளையிலிருந்து ஒளி தப்பாது. பிறகு எக்ஸ் கதிர் எங்கிருந்து வருகிறது? அந்த நீல நட்சத்திரத்திலிருந்து உறிஞ்சப்படும் வாயு நேராக உள்ளே விழுவதில்லை. சுழன்று சுழன்று ஒரு தட்டாகச் சேர்கிறது. உள்விளிம்பை நெருங்க நெருங்க உராய்வினால் அதன் வெப்பம் ஒரு கோடி பாகையைத் தொடுகிறது. 6,000 பாகைச் சூரியன் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உமிழ்வதுபோல, ஒரு கோடி பாகை வாயு எக்ஸ் கதிரை உமிழ்கிறது. நாம் பார்ப்பது, விழுவதற்கு முன் கடைசியாகச் சுற்றும் பொருளின் ஒளி.

நம் தலைக்குமேல் போகும் பாதை

உஹுரு நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றியதற்கு ஓர் அழுத்தமான காரணம் உண்டு. பூமியைச் சுற்றிய கதிர்வீச்சுப் பட்டை, தென் அமெரிக்காவுக்கும் தென் அட்லாண்டிக்கிற்கும் மேலே மற்ற இடங்களைவிடத் தாழ இறங்கிவருகிறது. அதன் வழியாகப் போகும் செயற்கைக்கோளின் உணரிகளை மின்துகள்கள் தாக்கி, பொய்யான பதிவுகளால் நிரப்பிவிடும். தொலைதூரக் கருந்துளையிலிருந்து வரும் ஓரிரு கதிர்களைத் தேடும் கருவிக்கு இது பெரிய இடையூறு. நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றினால் அந்தப் பகுதியின் விளிம்பை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடலாம். அண்டவெளியிலிருந்து வரும் மின்துகள்களையும் பூமியின் காந்தப்புலம் நிலநடுக்கோட்டின் மேல்தான் நன்றாகத் தடுக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து உஹுருவின் பாதைச் சாய்வு 3 பாகை. 2012-இல் பறந்த நூஸ்டார் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு 6 பாகை. 2021-இல் பறந்த ஐக்ஸ்பீ என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் ஏறத்தாழ நிலநடுக்கோட்டின் மேலேயே போகிறது.

இந்தியாவின் அஸ்ட்ரோசாட்டும் இதே சாலையில்தான் ஏறியது. 2015 செப்டம்பர் 28 அன்று பிஎஸ்எல்வி-சி30 அதை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 650 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுசென்றது. சாய்வு 6 பாகை. ஸ்ரீஹரிகோட்டா இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 13.7 பாகை வடக்கே. அங்கிருந்து நேராக ஏவினால் சாய்வு 13.7-க்குக் கீழே வராது. மேலே போனபின் பாதையைத் திருப்பித்தான் 6 பாகைக்கு இறக்க முடியும். அதற்கு எரிபொருள் செலவாகும். அந்தச் செலவைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள், உணரிகளுக்கு அமைதியான வானம் வேண்டும் என்பதற்காக.

இதன் விளைவைச் சிங்கப்பூரிலிருந்து கணக்குப் போட்டுப் பார்ப்பது சுவையானது. 6 பாகைச் சாய்வென்றால், செயற்கைக்கோள் வடக்கே 6 பாகைக்கும் தெற்கே 6 பாகைக்கும் இடையில்தான் எப்போதும் போகும். சிங்கப்பூர் இருப்பது வடக்கே 1.3 பாகையில். எனவே ஒவ்வொரு சுற்றிலும் அது சிங்கப்பூர் வானைக் கடந்தே ஆக வேண்டும். மிகவும் விலகிப்போகும் சுற்றில்கூட 7 பாகைக்குச் சற்று அதிகமாக, அதாவது 800 கிலோமீட்டர் அளவுக்குத்தான் விலகும். 650 கிலோமீட்டர் உயரத்தில் போகும் ஒன்று அப்போதும் அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேலே இருக்கும். இப்படி ஒரு நாளில் 13 அல்லது 14 முறை. 2024 ஜனவரி 1 அன்று பறந்த இந்தியாவின் இன்னோர் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளான எக்ஸ்போசாட்டுக்கும் அதே உயரம், அதே சாய்வு. இந்தியாவின் இரண்டு எக்ஸ் கதிர் ஆய்வகங்களுக்கும் சென்னை வானைவிடக் குவீன்ஸ்டவுன் வானமே நெருக்கமான வழி.

2016-இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடம், இரவு வானம் மிகவும் வெளிச்சமாகிப்போன நாடு சிங்கப்பூர் என்றது. இங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் பால்வீதியைக் கண்ணால் பார்க்காமலே பெரியவர்களாகிறார்கள். அது இழப்புதான். ஆனால் எக்ஸ் கதிர் வானத்துக்குத் தெருவிளக்கு ஒரு பொருட்டே அல்ல. மேகமும் அல்ல, மழையும் அல்ல. தரையில் எவருக்குமே தெரியாத வானம் அது. அட்டகாமா பாலைவனத்தில் இருப்பவரும் குவீன்ஸ்டவுனில் இருப்பவரும் அதன் முன்னே சமம்.

சந்திராவின் கண்ணாடி

எக்ஸ் கதிரைக் குவிப்பது எளிதல்ல. வழக்கமான தொலைநோக்கியைப்போல நேருக்கு நேர் கண்ணாடியை வைத்தால், கதிர் அதற்குள் புகுந்து கரைந்துவிடும். மேற்பரப்பை ஏறத்தாழ ஒரு பாகைச் சாய்வில் உரசிக்கொண்டு போகும்போது மட்டுமே அது திரும்பும். அதனால் எக்ஸ் கதிர்க் கண்ணாடிகள் தட்டாக இருப்பதில்லை, குழலாக இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழல்களை அடுக்கினால்தான் போதிய கதிர்கள் சேரும். அஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு, மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், தங்கப் பூச்சுள்ள 320 மெல்லிய அலுமினியத் தகடுகளை அடுக்கினார்கள்.

நாசாவின் சந்திரா, எண்ணிக்கையை விட்டுத் துல்லியத்தைத் தேர்ந்தெடுத்தது. நான்கே இணைக் கண்ணாடிக் குழல்கள், வெளிக்குழலின் விட்டம் 1.2 மீட்டர், மேலே இரிடியப் பூச்சு, சில அணுக்களின் கனத்துக்குமேல் மேடு பள்ளம் இல்லாத மெருகு. பலன், அரை விநாடிக் கோணத்தைப் பிரித்தறியும் கூர்மை. கோலாலம்பூரில் முக்கால் மீட்டர் இடைவெளியில் வைத்த இரு விளக்குகளை, சிங்கப்பூரில் இருந்துகொண்டு இரண்டு என்று சொல்வதற்குச் சமம் அது. 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் போன சந்திரா, மற்றவற்றைப்போலத் தாழ்ந்த பாதையில் சுற்றவில்லை. நிலவுக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை விலகிப்போகும் நீள்வட்டத்தில் சுற்றுகிறது. கதிர்வீச்சுப் பட்டைக்கு வெளியே போய் நெடுநேரம் இடைவிடாமல் பார்ப்பதற்காக.

அதன் பெயரைச் சொல்லும்போது தமிழர்களுக்குப் பெருமிதம் வருவது நியாயம். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்தவர்; திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன், சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்குமேல் நிறையுடன் இருந்தால் தன் எடையைத் தானே தாங்க முடியாது என்பது அதன் முடிவு. அப்படியானால் அது எங்கே போய் நிற்கும்? 1935 ஜனவரியில் லண்டனில், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலறிஞரான எடிங்டன் எல்லார் முன்னிலையிலும் அதை மறுத்தார். கணக்கு நிலைத்து நின்றது. 1983-இல் நோபல் பரிசு வந்தது. சந்திரசேகர் 1995-இல் காலமானார். 1998-இல் அவர் பெயர் தொலைநோக்கிக்குச் சூட்டப்பட்டது. நட்சத்திரங்கள் குலைந்துபோகும் எல்லையைக் கணித்தவரின் பெயரைத் தாங்கிய கருவி, குலைந்துபோன நட்சத்திரங்களைப் படம் பிடிக்கிறது.

ஒவ்வொன்றாக எண்ணுதல்

இந்தக் கருவிகள் உண்மையில் கீழே அனுப்புவது படம் அல்ல, ஒரு பட்டியல். கதிர்த்துகள் ஒன்று வந்து மோதியதும் உணரி ஒரு வரி எழுதுகிறது: வந்த நேரம், ஆற்றல், தொலைநோக்கியாக இருந்தால் விழுந்த இடமும் கூட. அடுத்தது வரும்போது அடுத்த வரி. இப்படி லட்சக்கணக்கான வரிகள். இடத்தை வைத்து அடுக்கினால் படம். ஆற்றலை வைத்து அடுக்கினால் நிறமாலை, அதாவது எந்தத் தனிமம், எத்தனை வெப்பம் என்ற விவரம். நேரத்தை வைத்து அடுக்கினால் துடிப்பு.

அஸ்ட்ரோசாட்டின் தனி வலிமை அந்த மூன்றாவதில் இருக்கிறது. செனான் வாயு நிரப்பிய மூன்று பெரிய எண்ணிகளோடு அது பறந்தது. ஒவ்வொரு கதிர்த்துகளின் வருகையையும் விநாடியின் ஒரு லட்சத்தில் ஒரு பங்குத் துல்லியத்துடன் குறிப்பவை. ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளையை அவை நெடுநேரம் பார்த்தன. சூரியனைப்போல் சுமார் 12 மடங்கு நிறையுள்ள அந்தக் கருந்துளையின் எல்லை சில பத்து கிலோமீட்டர் அகலம்தான். சிங்கப்பூர்த் தீவின் நீளத்தோடு ஒப்பிடலாம். சில காலங்களில் அதன் ஒளி ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒருமுறை, இதயத் துடிப்பு வரைபடம்போல ஒழுங்காக ஏறி இறங்கும்: தட்டின் உள்பகுதி நிரம்புகிறது, பொங்குகிறது, காலியாகிறது, மறுபடி நிரம்புகிறது. அதற்கு அடியில் விநாடிக்கு ஏறத்தாழ 67 முறை அதிரும் மெல்லிய துடிப்பும் உண்டு. நாசாவின் முந்தைய செயற்கைக்கோள் ஒன்று கண்டறிந்த அந்த அதிர்வை அஸ்ட்ரோசாட்டும் பிடித்தது. கருந்துளையின் விளிம்பில், வெளியையே வளைக்கும் ஈர்ப்பில் சுற்றும் பொருளின் வேகத்தை நமக்குச் சொல்லக்கூடிய தடயங்கள் இவைதாம்.

கேலக்ஸிகளுக்கு இடையே

எக்ஸ் கதிரில் பார்த்தால் மாறிப்போவது கருந்துளையின் படம் மட்டுமல்ல, அண்டத்தின் படமும்கூட. நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் ஈர்ப்பால் ஒன்றுகூடிய கொத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அவற்றுக்கு இடையே வெறுமை. எக்ஸ் கதிரில், அந்த வெறுமை முழுக்கக் கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு. அந்த வாயுவின் நிறை, கொத்தில் உள்ள நட்சத்திரங்கள் அனைத்தின் நிறையையும்விடப் பல மடங்கு. அண்டத்தின் கட்டமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் நட்சத்திரங்களை மட்டும் எண்ணினால் கணக்கில் பெரும்பகுதி விடுபட்டுப்போகும்.

சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள பெர்சியஸ் கொத்து இதற்கு நல்ல சான்று. அதன் நடுவிலுள்ள வாயு, எக்ஸ் கதிரை உமிழ்ந்து உமிழ்ந்து எப்போதோ குளிர்ந்து, நட்சத்திரங்களாக உறைந்திருக்க வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை. காரணத்தைச் சந்திரா காட்டியது. நடுக் கேலக்ஸியின் பெருங்கருந்துளை துகள் தாரைகளை வீசி, வாயுவில் மாபெரும் குமிழிகளை ஊதியிருந்தது. அவற்றிலிருந்து அலைகள் பரவியிருந்தன. 2003-இல் அவற்றை ஒலியலைகள் என்று அடையாளம் கண்டார்கள். ஒரு முழு அதிர்வுக்கு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு; பியானோவின் நடு ஸ்வரத்துக்கு 57 ஸ்தாயி கீழே. அந்த ஆற்றல்தான் வாயுவைக் குளிரவிடாமல் வைத்திருக்கிறது. நம் சூரியக் குடும்பத்துக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு பொருள், லட்சக்கணக்கான ஒளியாண்டு அகலத்துக்கு நட்சத்திரங்களின் பிறப்பைக் கட்டுப்படுத்துகிறது. கருந்துளையைப் படிப்பதும் அண்டக் கட்டமைப்பைப் படிப்பதும் ஒன்றாகிவிடும் இடம் இது.

‘புல்லட்’ கொத்து இன்னொரு சான்று. இரண்டு கொத்துகள் மோதி ஒன்றையொன்று கடந்தபோது, வாயுக்கள் உரசிப் பின்தங்கின. ஈர்ப்போ வாயு இருந்த இடத்தில் இல்லாமல் கேலக்ஸிகளோடு முன்னே போயிருந்தது. எக்ஸ் கதிர்ப் படத்தையும் ஈர்ப்பு வரைபடத்தையும் 2006-இல் ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உண்டு என்பதற்கு மிக வலுவான நேரடிச் சான்றுகளில் ஒன்று கிடைத்தது. பிறகு 2019-இல் பறந்த ஜெர்மனியின் ஈரோசிட்டா தொலைநோக்கி வானம் முழுவதையும் அலசியது. 2024 ஜனவரியில் வெளியான அதன் முதல் பட்டியலில் சுமார் 9 லட்சம் எக்ஸ் கதிர் மூலங்கள். அவற்றில் 7 லட்சத்துக்கு மேற்பட்டவை தொலைதூரக் கேலக்ஸிகளின் பெருங்கருந்துளைகள்.

இடம், ஆற்றல், நேரம் ஆகியவற்றோடு இப்போது நான்காவது அளவு ஒன்றும் சேர்ந்திருக்கிறது: கதிரின் அதிர்வு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பது. எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் வளைந்து கதிரை உமிழும்போது அதிர்வுக்குத் தனித் திசை உண்டு. கென்ட் ரிட்ஜ் வளையத்திலும் அப்படித்தான். அந்தத் திசையை அளந்தால், படத்தில் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறிய இடத்தின் வடிவம்கூடத் தெரியவரும். ஐக்ஸ்பீ 2022-இல் சிக்னஸ் எக்ஸ்-1-ஐ அளந்து, எக்ஸ் கதிரை உமிழும் சூடான வாயு துகள் தாரையின் வழியே நீண்டிருக்கவில்லை, அதற்குக் குறுக்கே பரந்திருக்கிறது என்று காட்டியது. எக்ஸ்போசாட்டில் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனம் கட்டிய போலிக்ஸ் கருவி, ஐக்ஸ்பீயைவிட உயர்ந்த ஆற்றல் பட்டையில் இதே அளவை எடுப்பதற்கானது.

சிங்கப்பூருக்கு ஏற்ற வேலை

இந்தத் துறையில் தரவு பூட்டிவைக்கப்படுவதில்லை. சந்திராவின் பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் எல்லாருக்கும் திறக்கப்படுகின்றன. அஸ்ட்ரோசாட்டின் தரவுகளை இஸ்ரோ 2018 முதல் பொதுவில் வைத்திருக்கிறது. அவற்றை அலசும் மென்பொருள்களும் இலவசம். 1970-இல் திறக்கப்பட்ட குவீன்ஸ்டவுன் நூலகத்தில் ஒரு மடிக்கணினியோடு உட்காரும் மாணவர், மேலே சொன்ன பட்டியல்களில் ஒன்றை இறக்கி, நேரத்தை வைத்து அடுக்கி, கருந்துளையின் துடிப்பைத் தானே வரைந்து பார்க்க முடியும். ஆய்வாளர்கள் கையாளும் அதே வரிகள்தாம் அவர் கையிலும் இருக்கும்.

தரவைப் படிப்பதோடு நிற்க வேண்டியதில்லை. அஸ்ட்ரோசாட் பறந்து மூன்று மாதம் ஆவதற்குள், 2015 டிசம்பர் 16 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இன்னொரு பிஎஸ்எல்வி சிங்கப்பூரின் ஆறு செயற்கைக்கோள்களை 15 பாகைச் சாய்வில் ஏற்றியது. அவற்றில் கென்ட் ரிட்ஜ்-1, கலாசியா இரண்டும் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிறந்தவை. 2023 ஜூலை 30 அன்று அதே பல்கலைக்கழகத்தின் கலாசியா-2 பறந்தபோது, அந்த ஏவுதலின் பாதை 535 கிலோமீட்டர் உயரம், 5 பாகைச் சாய்வு. எக்ஸ் கதிர் வானியலர்கள் எரிபொருளைச் செலவழித்துத் தேடிப்போகும் பாதை அது.

சின்ன எக்ஸ் கதிர்க் கருவியால் பெரிய அறிவியல் செய்ய முடியுமா என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2018-இல் விண்ணில் விட்ட ஹாலோசாட், ஒரு பயணப்பெட்டி அளவுதான். நம் பால்வீதியைச் சூழ்ந்த சூடான வாயுவை அது அளந்தது. ஜப்பானின் ரிக்கென் நிறுவனம் 2023-இல் அனுப்பிய நிஞ்சாசாட்டும் அதே அளவு. பிரகாசமான எக்ஸ் கதிர் மூலங்கள் எப்படி மாறுகின்றன என்று கண்காணிக்கச் செய்யப்பட்டது. பெரிய ஆய்வகங்களில் நேரம் கேட்டு உலகமே வரிசையில் நிற்கிறது; ஒரே கருந்துளையை வாரக்கணக்கில் விடாமல் பார்க்க அவற்றுக்கு ஓய்வில்லை. சிறிய கருவிக்கு அந்தப் பொறுமை உண்டு.

குவீன்ஸ்டவுன் வட்டாரத்துக்குள்ளேயே எக்ஸ் கதிரை உண்டாக்கி உணரிகளைப் பழக்க ஒரு வளையம் இருக்கிறது. செயற்கைக்கோளைக் கட்டி ஏவிய அனுபவம் இருக்கிறது. தலைக்குமேல் உலகின் மிக அமைதியான எக்ஸ் கதிர்ப் பாதை போகிறது. அடுத்த மாணவர் செயற்கைக்கோளில் பூமியைப் பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில், கைப்பிடி அளவு இடத்தில், வானைப் பார்க்கும் ஓர் எக்ஸ் கதிர் எண்ணியை வைக்க வேண்டும். அதைக் கட்டும் மாணவர்களில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்; இயற்பியலை இப்போதே விரும்பிப் படிக்கச் சொல்வோம்.